எங்கள் கிணற்று நீரில் வால் முளைத்த விவகாரம்

தென்காசி,
ஆனி 18, 1961.

மதிப்பிற்குரிய மைத்துனர் பால்வண்ணநாதன் அவர்களுக்கு,

நாறும்பூநாதன் எழுதுவது. இங்கே நான், உம் தங்கை சொக்கம்மாள், பிள்ளைத்தாய்ச்சியான மகள் நாச்சியார், நம் கிணறு யாவரும் சுகம். கிணற்றைச் சேர்த்து எழுதக் காரணம் உண்டு.

பத்து நாளுக்கு முன் குற்றாலச் சாரலுக்கென்று மாப்பிள்ளை நம்பிராஜன் வந்தார். அருவியில் குளிக்க வருகிறவர் துண்டு கொண்டுவருவார். இவர் தாம் பாடம் நடத்தும் காலேஜிலிருந்து மைக்ராஸ்கோப்பை மரப்பெட்டியில் கொண்டுவந்தார். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. நம் கிணற்று நீரில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு, "பாருங்க மாமா" என்றார். பார்த்தேன். பச்சையாக என்னமோ ஓடுகிறது! முன்னால் நூல் மாதிரி ஒன்று துடிக்கிறது. "அதைச் சுழட்டித்தான் உடம்ப இழுத்துட்டுப் போகுது. இது ஒண்ணும் செய்யாது. ஆனா டைபாய்டு கிருமிக்கு உடம்பெல்லாம் இப்படி இழை. எல்லாம் ஒண்ணாச் சேந்து பின்னாலருந்து தள்ளும். சாயம் ஏத்தினாத்தான் கண்ணுக்குத் தெரியும்" என்கிறார். வாலை முன்னால் வைத்துக்கொண்டு போகிற பிராணியை நீர் எந்தச் சந்தையிலாவது கண்டதுண்டா? கண்ணுக்கே தெரியாத வாலுக்கு யார் சாட்சி? பிறகு நீரைக் கொதிக்க வைத்து ஒரு சொட்டு காட்டினார். ஓட்டம் நின்றுவிட்டது. அவை செத்தனவா, இவர் கண்ணாடியை மாற்றினாரா, யார் கண்டது?

கடைசியில் பூனைக்குட்டி வெளியே வந்தது. "தண்ணியக் கொதிக்க வச்சுக் குடுத்தா நாச்சியா இங்கனயே இருக்கட்டும் மாமா. இல்லன்னா பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்." தலைப்பிரசவம் தாய்வீட்டில் இல்லாமல் மாமியார் வீட்டிலா? ஊர் என்ன சொல்லும்? எல்லாம் சம்பந்தியம்மாள் ஏவிவிட்ட கிருமிகள் ஐயா! பஞ்சத்தில் தெருவே இறைத்துக் குடித்த கிணறு. மாப்பிள்ளை சொன்ன அன்றிலிருந்து வீம்புக்கென்றே தினம் ஆறு சொம்பு பச்சைத் தண்ணீராகவே குடிக்கிறேன். எனக்கு என்ன வந்துவிட்டது? அந்த ருசி கொதித்த நீரில் வருமா? வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை பதில் கேட்க வருகிறார். நீர் அவசியம் வந்து என் பக்கம் பேச வேண்டும். என் மகளை அனுப்ப எனக்கு மனசில்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. காசி விசுவநாதர் துணை.

இப்படிக்கு,
நாறும்பூநாதன்.

பின்குறிப்பு: உறை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்க அடுக்களைக்குப் போனேன். பெரிய தவலையில் நீர் கொதிக்கிறது. "குளிக்கவா?" என்று சொக்கம்மாளைக் கேட்டேன். "குடிக்க. மாப்பிள்ளை சொன்ன அன்னைக்கிருந்தே எல்லாருக்கும் இதைத்தான் ஆற வச்சுக் குடுக்கேன். நீங்க சொம்பு சொம்பாக் குடிச்சியளே, அதுவும் இதுதான். நாச்சியா இங்கனதான் இருப்பான்னு மாப்பிள்ளைக்குக் கார்டும் போட்டாச்சு" என்கிறாள். ஆகையால் நீர் வர வேண்டாம். மேலே மாப்பிள்ளை மேல் எழுதிய சந்தேகம் முழுவதையும் உம் தங்கை மேல் எழுதியதாகப் படித்துக்கொள்ளவும்.