வடக்கே போன டிரங்குப் பெட்டி

கார்டை எங்கே ஒளிப்பது என்பதுதான் தானியேலின் முதல் தலைவேதனை.

திருத்தணி ரயில் நிலையத்தில் பதினாறு வருஷமாகப் பார்சல் குமாஸ்தா அவர். யானைத் தந்தம் முதல் வாழைக்கன்று வரை எல்லாவற்றுக்கும் இடம் கண்டுபிடித்தவர். உள்ளங்கை அகலக் கார்டு ஒன்றுக்கு இடம் தெரியாமல் வேர்த்துப்போய் நின்றார்.

மிஷன் மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்த தபால் கார்டு. 'வருந்துகிறோம்' என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்ததுமே அவருக்குக் கண் இருட்டிவிட்டது. அடுத்து மகள் ஜெயகுமாரியின் பெயர், அடுத்து 'இல்லை'. அதற்குமேல் ஓர் எழுத்துகூட அவர் படிக்கவில்லை. மடித்துக் கோட்டின் உள்பைக்குள் திணித்துக்கொண்டார்.

கார்டைக் கொண்டுவந்த தபால்காரர் கண்ணையன் இன்னும் எதிரிலேயே நின்றிருந்தார்.

"இன்னா சார், பாப்பாவுக்கு எடம் கெடச்சிதா?"

தானியேல் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மகள் இன்டர்வியூ முடித்து வந்த அன்றைக்கே, "எம் பொண்ணு டாக்டர் ஆயிட்ட மாதிரிதான்" என்று பிளாட்பாரம் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார். திருத்தணி பிளாட்பாரத்தில் சொன்னால் கனகம்மாசத்திரம் வரைக்கும் சொன்னதாகத்தான் அர்த்தம்.

"ஆங்... கெடச்சிடுச்சி," என்றது அவருடைய வாய்.

கண்ணையன் அவரை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்தார். "ரொம்ப சந்தோசம் சார்," என்று சொல்லிவிட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். நல்லவேளை, இந்த ஆளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று தானியேல் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

வீட்டில் உண்மையைச் சொல்லியே ஆகவேண்டியிருந்தது. ஜெயகுமாரி அழவில்லை. கையை நீட்டினாள்.

"கார்டைக் காட்டுங்க நைனா."

"எலி கடிச்சிடுச்சி."

"காலைல வந்த கார்டையா?"

"ஆபீஸ் எலி. அதுக்கு நேரம் காலம் கெடையாது."

அவர் மனைவி மார்த்தாள், "போவட்டும் வுடுங்க. ஒரு வருஷம் கழிச்சிப் பட்டணத்துல மனு போட்டுப் பாக்கலாம்," என்றாள்.

"எனக்கு அதே காலேஜுதாம்மா வேணும்," என்றாள் ஜெயகுமாரி. "இன்னாத்துக்கு வேணாம்னாங்கன்னு தெரிஞ்சிகினு அடுத்த வருஷம் மறுபடியும் போடறேன்."

"சாத்தின கதவை நீ மறுபடியும் போயித் தட்டறதா?" என்றார் தானியேல். "இந்த வருஷமே போடறோம். விசாகப்பட்டணத்துல போடறோம்."

"அங்க ஏங்க?" என்றாள் மார்த்தாள்.

விசாகப்பட்டணத்தைத் தானியேல் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே ஒரு காரணம்தான். பதினாறு வருஷத்தில் திருத்தணியிலிருந்து ஒரு பார்சல்கூட அந்த ஊருக்குப் போனதில்லை. பெண் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால், எந்தக் காலேஜ் என்று இங்கே யாருக்குத் தெரியப்போகிறது? மனு கொடுக்க ஆடி மாசக் கடைசி வரைக்கும் தவணை இருந்தது.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் வரிசை.

யுத்தம் முடிந்தும் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று பழகிய ஊர். யாரும் சொல்லாமலே அழகாக ஒருவர் பின் ஒருவராக நின்றிருந்தார்கள். முதல் ஆள், மலையடிவாரத்தில் பூ விற்கும் கௌரியம்மாள்.

"தலவலி தாளல சார். நம்ம டாக்டரம்மாவக் கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க."

"அவ இன்னும் காலேஜுக்கே போவல கௌரியம்மா!"

"போறதுக்கு முன்னாடி பாத்துட்டுப் போவட்டும். போயிட்டா எங்க கெடைக்கப் போறா?"

ஜெயகுமாரி யுத்தகாலத்தில் பள்ளிக்கூடத்தில் முதலுதவி வகுப்பு முடித்தவள். "காலைல சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு, கஞ்சித் தண்ணீர் கொடுத்து, அரை மணி படுக்க வைத்தாள். தலைவலி போய்விட்டது. அது போனதைக் கௌரியம்மாள் கூடைப்பூவோடு சேர்த்து ஊரெல்லாம் விற்றாள்.

மறுநாள் வரிசை இரண்டு மடங்கு. தானியேல் தெருவில் இறங்கி அறிவித்தார்: "ஆடி ஒண்ணாந் தேதி காலேஜு தொறக்குது. அது வரைக்கும் அவ படிக்கணும். யாரும் வராதீங்க."

ஆடி ஒன்று வந்தது. பெண் வீட்டிலேயே இருந்தாள்.

"இன்னா சார், பாப்பா போவலியா?" என்றார் கண்ணையன்.

"காலேஜுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறாங்க."

"அப்பிடின்னா வூட்லதான் இருக்கும்னு சொல்லுங்க," என்று கண்ணையன் முகம் மலர்ந்தார். சுண்ணாம்பு செய்தி பரவிய அரை மணியில் வரிசை தெருமுனையைத் தொட்டது.

வேறு வழியில்லாமல் மகளை மணவூரில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் மணவூருக்கு ஒரு கட்டை வண்டி போய் நின்றது. உள்ளே ஒரு சுளுக்கு, ஒரு சொறி, ஒரு கண்கட்டி, இரண்டு இருமல். தங்கை சாயங்கால ரயிலிலேயே மருமகளைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

"நைனா, ஒரு அதிசயம்," என்றாள் ஜெயகுமாரி. பார்த்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். "இருமலு ரெண்டுன்னாலும் ஒண்ணு வறட்டு இருமலு, ஒண்ணு சளி இருமலு. ஒருத்தருக்கு வந்த நோவு இன்னொருத்தருக்கு வரவே இல்ல."

"ஊரே சீக்கு பிடிச்ச ஊரு," என்றார் தானியேல்.

அதே வேளையில் கௌரியம்மாள் உள்ளே வந்தாள். தானியேல் அலுப்போடு, "இன்னா, மறுபடியும் தலவலியா?" என்றார்.

"ஐயோ இல்ல சார், தலவலி என்து போன வாரத்தோட சரி. இப்ப எனக்கு முழங்காலு."

தானியேலுக்கு ஆத்திரம் ஒரு பக்கம், உள்ளூர ஒரு குறுகுறுப்பு ஒரு பக்கம். மகள் ஒரு கிழவரின் புண்ணைக் கழுவித் துணி கட்டும்போது அவர் கதவோரம் நின்று பார்த்திருக்கிறார். அவள் முகம் சுளிக்கவில்லை. வலிக்கிறதா என்று கேட்டபடியே வலிக்காமல் கட்டினாள். இவளையா வேண்டாம் என்றார்கள்? அவர் பூரித்துப்போனார். பூரிப்பின் நடுவே உள்பையிலிருந்த கார்டு நெஞ்சைக் குத்தியது.

மனு கொடுக்க இரண்டே நாள் இருந்தபோது புறப்பட்டார்கள். சர்டிபிகேட்டுகள், மனு, புதுப் புடவைகள் எல்லாம் ஒரே டிரங்குப் பெட்டியில். காலேஜுக்குப் போகிறாள் என்று சொல்லித் தொலைத்ததால் ஊரே வழியனுப்ப வந்துவிட்டது. பிளாட்பாரத்தில் மாலை, விபூதி, பஞ்சாமிர்தம். கிறிஸ்தவப் பெண் கழுத்தில் முருகன் மலையின் கதம்ப மாலை விழுந்ததை மார்த்தாள்கூடத் தடுக்கவில்லை.

"காலேஜு தெக்கால இருக்குது, வண்டி வடக்கால போவுதே சார்?" என்றார் கண்ணையன்.

"சுத்திகினு போறோம்."

கண்ணையனின் முகம் ஏனோ வாடியது.

வண்டி வந்தது. பெட்டி ஏறியது. ஜெயகுமாரி ஒரு காலைப் படியில் வைத்த சமயத்தில், கூட்டத்தை விலக்கிக்கொண்டு பரசுராமன் வந்தான். மலையில் வேண்டுதல்காரர்களுக்கு மொட்டை போடுகிறவன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தான்.

"காது வலின்னு சொல்லத்தாம்மா கெளம்பினேன்... வயிறு நெசமாவே பிடிச்சிகினுச்சி."

வலியில் உளறுகிறான் என்று நினைத்தார் தானியேல். ஜெயகுமாரி காலை இறக்கினாள்.

"ஏறும்மா! வண்டி நகரப்போவுது!"

"ஒரு நிமிசம் நைனா." அவள் பரசுராமனின் வயிற்றை மெல்ல அழுத்தினாள். வலப்பக்கம் அடியில் தொட்டதும் அவன் அலறினான். காய்ச்சல் கொதித்தது. "இது நான் பாக்கற நோவு இல்ல. இவரை ஒடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவணும். அரக்கோணம் பாசஞ்சர் எதிர்ல நிக்குது பாருங்க. உங்க தள்ளுவண்டியைக் கொடுங்க நைனா."

"நம்ம வண்டி?"

"தள்ளுவண்டி நைனா!"

பதினாறு வருஷத்தில் முதல் தடவையாகத் தானியேல் ஒரு மனுஷனைப் பார்சலாக ஏற்றினார். ஜெயகுமாரி கூடவே ஏறிக்கொண்டாள். தெற்கே போகும் வண்டி பெண்ணோடு போயிற்று. வடக்கே போகும் வண்டி பெட்டியோடு போயிற்று. மனு, சர்டிபிகேட், விசாகப்பட்டணம், இந்த வருஷம் எல்லாமே அந்தப் பெட்டிக்குள் இருந்தன. மார்த்தாளும் தானியேலும் நடுவில் நின்றார்கள்.

மறுநாள் காலை பாசஞ்சரில் ஜெயகுமாரி கசங்கிய புடவையும் வாடிய மாலையுமாக இறங்கினாள். கூட்டம் நேற்றைவிடப் பெரிசாக இருந்தது.

"ஆபரேசன் ஆயிடுச்சி. பொழச்சிகினார்," என்றாள். "இன்னும் ஒரு மணி நேரம் தாமசமாயிருந்தா கஷ்டம்னாங்க. யாரு கண்டுபிடிச்சதுன்னு அந்தப் பெரிய டாக்டரே கேட்டாரு நைனா."

"நம்ம டாக்டரம்மா!" என்று கௌரியம்மாள் கத்தினாள். பிளாட்பாரமே கத்தியது.

தானியேல் மகளைப் பார்த்தார். வாழ்க்கையில் அவருக்கு இவ்வளவு பெருமை வந்ததில்லை. இந்தப் பெருமை நூற்றுக்கு நூறு நிஜம். இதைப் போய்த் தன் பொய்யின் மேல் உட்கார வைத்திருக்கிறோமே என்று கூசிப்போனார். தள்ளுவண்டி மேல் ஏறி நின்றார்.

"எல்லாரும் கேளுங்க. எம் பொண்ணுக்கு எடம் கெடைக்கல. கெடச்சிதுன்னு நான் சொன்னது பொய்யி. அவளுக்காவ சொல்லல. என் மானத்துக்காவ சொன்னேன். சுண்ணாம்பும் பொய்யி. நீங்கல்லாம் நம்பி, அவளை டாக்டரம்மான்னு தேடி வந்தீங்க. என்னை மன்னிச்சிடுங்க."

யாரும் திடுக்கிடவில்லை. "அதுக்கு இன்னா இப்ப?" என்றாள் கௌரியம்மாள். யாரோ கொட்டாவி விட்டார்கள்.

"நம்பலியா? தோ பாருங்க!" தானியேல் உள்பையிலிருந்து கார்டை எடுத்து, தலைக்கு மேலே தூக்கிக் காட்டிவிட்டு, உரக்கப் படித்தார். 'வருந்துகிறோம்' என்று ஆரம்பித்து, 'இல்லை' என்ற இடத்தில் வழக்கம்போல நின்றுவிட்டார்.

கண்ணையன் சைக்கிளைச் சாத்திவிட்டு முன்னால் வந்தார்.

"கீழ இன்னொரு வரி கீதே சார்," என்றார். "'ஒரு வருசம் நோயாளிங்களப் பாத்துப் பழகிகினு இதே காலேஜுக்கு மறுபடியும் வா'ன்னு போட்டிருக்காங்களே, அதைத் தபாலாபீசுல படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தானே சார் அன்னிக்கே நாங்க ஆளுக்கொரு நோவா பங்கு போட்டுகினோம்!"