மூட்டைக்குள்ள விழுந்த பேரழிவு

"ரூபினி, உன்னோட பேரழிவு காணோம்டி."

வேலை முடிஞ்சு வந்த அம்மா சாரதா, இடுப்புல கட்டியிருந்த பிளாஸ்டிக் படுதாவ உதறிக்கிட்டே சொன்னாங்க. ரூபினி புக்க மூடி வச்சுட்டு எந்திரிச்சா.

யூனிவர்சிட்டிக்குப் போக இங்கிலீஷ் பரீட்சை எழுதணும். தெனம் பத்து கஷ்டமான வார்த்தைய சீட்டுல எழுதுவா. முன்னால இங்கிலீஷ், பின்னால தமிழ். தன்கிட்டயே வச்சிருந்தா திருட்டுத்தனமா பாத்துருவான்னு, காலையிலயே அம்மாகிட்ட குடுத்துருவா. சாயங்காலம் அம்மா தமிழ வாசிச்சா, இவ இங்கிலீஷ சொல்லணும்.

"எங்கம்மா விழுந்துச்சு?"

"குனிஞ்சு தேயிலக் கொழுந்த அமுக்குனேன்ல, மூட்டைக்குள்ளதான் போயிருக்கும். 'சீக்கிரமே நடக்கப்போறது'ங்குற சீட்டையும் காணோம் லா."

அதாவது கெட்டாஸ்ட்ரஃபி. இம்மினென்ட். ரெண்டையும் சேத்துப் படிச்சா மெரட்டல் கடுதாசிதான்!

அதுவும் யாருக்கு? சூப்பர்வைசரா இருந்து ஏறி, ஆறு மாசமா எஸ்டேட் மேனேஜர் எடத்துல ஆக்டிங் துரையா இருக்குறவருக்கு. கொழுந்துல தலைமுடி கெடந்தாலே மூட்டைய திருப்பி அனுப்புற ஆளு. அம்மாவுக்கு வேலை போனா லைன் வீடும் போயிரும்.

மறுநாள் அம்மா வந்ததும் வராததுமா, "ரெண்டு சீட்டும் துரை கையிலயே மாட்டிக்கிச்சு"ன்னாங்க.

"ஐயோ! திட்டுனாரா?"

"இல்ல. திருப்பித் திருப்பி வாசிச்சாரு. வாய் மொணமொணங்குது. பத்தரமா சட்டைப் பையில வச்சிக்கிட்டாரு. நாளையிலேர்ந்து எல்லா மூட்டையும் கொட்டிப் பாக்கணுமாம்."

"கைரேகை எடுக்கப் போறாரும்மா! இனிமே சீட்டே வேணாம்."

சீட்ட நிறுத்துனா பிரச்சனையும் நின்னுரும்னு நெனச்சா. நிக்கல.

"முப்பது மூட்டையக் கொட்டியும் ஒண்ணும் கெடைக்கல," மறுநாள் அம்மா தலைய தொவட்டிக்கிட்டே சொன்னாங்க. "துரைக்கு மொகமே தொங்கிப் போச்சு. மறுபடியும் கொட்டுங்கன்னுட்டாரு. எல்லாரும் மழையில நின்னோம். அந்த ரஞ்சிதம் அக்கா, 'எந்த மூதேவி போட்ட காயிதமோ, கையில சிக்கட்டும், கொழுந்துக் கத்திரியாலயே வெட்டுறேன்'னு கத்துறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நானும் கூட சேந்து திட்டுனேன். வேற என்ன செய்ய?"

சரி, மன்னிப்பு கேட்டுருவோம்னு முடிவு பண்ணா ரூபினி. பேர் போடாம கேக்கணும். ஆனா துரைக்குப் போய் சாதாரண 'சாரி' எழுதுனா மதிப்பாரா? 'கன்ட்ரிஷன்', 'கிளமென்சி'ன்னு ரெண்டு சீட்டு எழுதுனா. பழக்க தோசத்துல பின்னால 'செஞ்ச தப்புக்கு வருந்துறது', 'கருணை காட்டுறது'ன்னு தமிழும் எழுதிட்டா. அம்மா கொழுந்துக்குள்ள சொருகிட்டாங்க.

அன்னிக்கு அம்மா ஓட்டமா ஓடி வந்தாங்க.

"துரை சீட்டப் பாத்ததும் ஆபீசுக்குப் பறந்துட்டாருடி! எழுதுன ஆளு நாளைக்குக் காலையில முன்னாடி நிக்கணுமாம். இல்லன்னா லைன் லைனா வந்து எல்லாரு கையெழுத்தையும் பாப்பாராம்!"

அதுக்கு மேல ஒளிய எடமில்ல. காலையில ஸ்கூல் உடுப்போட, மிச்சமிருந்த சீட்டுக்கட்டையும் சாட்சிக்குத் தூக்கிக்கிட்டு ஆபீஸ் வாசல்ல போய் நின்னா.

ஜன்னல் வழியா பாத்தா, துரை மேசையில நாலு சீட்டும் வரிசையா இருக்கு. துரை கண்ண மூடி, ஒதட்ட அசைச்சிக்கிட்டே குறுக்கும் நெடுக்கும் நடக்குறாரு. என்னைய தொலைக்கிறதுக்கு முன்னாடி சாமி கும்பிடுறாரு போலன்னு நெனச்சா.

வாசல்ல காவலுக்கு ஜாகா சாமிநாதன் மாமா நின்னாரு.

"மாமா, நான்தான் எழுதுனேன்," ரூபினி மடமடன்னு சொன்னா. "எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. வேலைய மட்டும் எடுத்துர வேணாம்னு சொல்லுங்க."

மாமா அவ மொகத்தப் பாத்தாரு. அப்புறம் கையில இருந்த சீட்டுக்கட்டப் பாத்தாரு.

"அடி என் தங்கமே, இம்புட்டு வச்சிருக்கியா! மொதல்ல உள்ள ஓடு. துரை வேலைய நிரந்தரமாக்க திங்கக்கெழம கோலாலம்பூர்ல அவருக்கு இங்கிலீஷ் இன்டர்வியூ, மனுசன் நாலே வார்த்தையோட முழிச்சிக்கிட்டு கெடக்குறாரு!"