லைக் நானாவின் பதில் மரியாதை

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் முகநூலில் கடை விரித்தவர்கள் எத்தனையோ பேர். பொய் சொல்லி விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன், புளுகி விற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் முகநூலுக்கு மரியாதை கொடுத்தே தன் தொழிலையும் என் நிம்மதியையும் ஒருசேரக் கெடுத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் காத்தான்குடி லைக் நானா. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

முன்பு அவருக்கு மோட்டர் நானா என்றுதான் பெயர். தண்ணி மோட்டர் திருத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஓடாத மோட்டரில் காதை வைத்துக் கேட்டு, "இவனுக்கு நெஞ்சில சளி" என்பார். கழற்றிப் பார்த்தால் அவர் சொன்ன இடத்தில் சேறு அடைத்திருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாலும் வவுணதீவில் இரண்டு ஏக்கர் வயல் செய்கிறவன். வட்டை என்கிற அந்த வயல்வெளியின் கடைசித் துண்டு என்னுடையது. வாய்க்கால் தண்ணீர் அங்கே வந்து சேர்வதற்குள் முன்னால் உள்ளவர்கள் வாங்கி முடித்துவிடுவார்கள். ஓடையிலிருந்து மோட்டர் வைத்து இறைத்தால்தான் எனக்குச் சோறு. ஆகவே நானா இல்லாமல் நான் இல்லை.

கெடுத்தது அவருடைய மகள். கம்பஸ் விடுமுறையில் வந்தவள், "வாப்பா, இப்ப எல்லா யாவாரமும் இதிலதான்" என்று கடைக்கு ஒரு முகநூல் பக்கம் திறந்து கொடுத்தாள். மோட்டர் ஒன்றின் தலையில் கையை வைத்துக்கொண்டு நானா சிரிக்கும் படம். பொழுது சாய்வதற்குள் நூற்றுப் பதினான்கு லைக். வேறு கடைக்காரன் என்றால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுத்த படத்தைப் போட்டிருப்பான். நானா கலங்கிப்போனார்.

"இவ்வளவு சனமும் நம்மட கடையத் தேடி வந்து, நல்லாரிக்கி எண்டு சொல்லிட்டுப் போயிரிக்கி. நாம திரும்பப் போகாட்டி அது மனிசத்தனமா மகள்?"

நம் வீட்டுக் கலியாணத்துக்கு வந்தவர் வீட்டுக் கலியாணத்துக்கு நாம் போகாமல் இருப்போமா? நானாவுக்கு லைக்கும் அப்படித்தான். அடுத்த நாளே கடையைப் பூட்டினார். மோட்டார் சைக்கிளின் பின்னால் மஸ்கட் இனிப்புப் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டு, லைக் போட்டவர்களின் படத்தைக் கடை கடையாகக் காட்டி விசாரித்து, வீடு வீடாக நன்றி சொல்லப் புறப்பட்டுவிட்டார்.

அமிர்தகழியில் ஒரு வங்கி உத்தியோகத்தர் கேற்றைத் திறந்திருக்கிறார். நானா போனை நீட்டி, "இது நீங்கதானே?" என்று கேட்டதும் அவருக்கு வேர்த்துவிட்டது.

"நானா, அது தெரியாமக் கைபட்டுப் போச்சு."

"கைபட்டு வந்தாலும் வந்ததுதானே சேர். இதப் புடிங்க" என்று மஸ்கட்டைக் கையில் திணித்துவிட்டு வந்தார். லைக் போட்ட இன்னொருவன் கட்டாரில் வேலை செய்கிறவன். கட்டாருக்கு மோட்டார் சைக்கிள் போகாது என்பதால் ஏறாவூரில் அவன் உம்மாவைத் தேடிப் போனார். முன்பின் தெரியாத ஆள் வாசலில் நின்று மகனின் பெயரைச் சொன்னதும், அந்த மனுசி மகனுக்கு என்னவோ நடந்துவிட்டது என்று குழறி அழ, அயலெல்லாம் கூடிவிட்டது.

இந்தக் கூத்தைப் பார்த்து நான் திட்டினாலும், மற்றவர்களின் லட்சணத்தையும் சொல்லத்தான் வேண்டும். நகரத்துத் தளபாடக் கடையொன்றின் பக்கத்தில் ஓர் அலுமாரிக்கு விலை கேட்டேன். 'இன்பொக்ஸ் பாருங்கள்' என்றார்கள். பார்த்தால், 'எங்கள் பக்கத்துக்கு லைக் போடுங்கள்' என்று இருக்கிறது. போட்டேன். விலை இன்றுவரை ராணுவ ரகசியம். நானாவின் பக்கத்தில் உன்னிச்சையிலிருந்து ஒருவர் 'சீல் மாற்ற எவ்வளவு?' என்று கேட்டதற்கு, நானா உன்னிச்சைக்கே போய் விலையைச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் மோட்டர் நின்றது. சிறுபோகம், நெல்லு கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவம். அப்போது தண்ணீர் தவறினால் மணிக்குப் பதிலாகப் பதர்தான் மிஞ்சும். மோட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினால் கடை பூட்டு. பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் அதை வைத்துவிட்டுப் போன் எடுத்தேன்.

"சேர், நான் வாழச்சேனையில நிக்கன். இன்னும் இருவத்தாறு லைக் இரிக்கி. முடிச்சிட்டு வாறன்."

"நானா, என்ட வெள்ளாமை காயுது!"

"படத்தப் பாத்தன் எண்டு அண்டைக்கு நீங்கதானே சொன்னீங்க. பாத்தும் ஒரு லைக் போடல்ல. அதுக்கு நான் கோவிச்சனா சேர்?"

போனை வைத்துவிட்டார். மூன்று நாள் பொறுத்தேன். நிலம் பாளம் பாளமாக வெடித்தது. நான்காம் நாள் பின்னேரம் வெடித்த வயலைப் படம் பிடித்து முகநூலில் போட்டு, 'வாடிக்கையாளனின் வயல் காய, மஸ்கட்டோடு ஊர்வலம் போகும் மோட்டர் மேதை' என்று வயிற்றெரிச்சலை எல்லாம் கொட்டினேன். எண்பத்து மூன்று பேர் அழுகிற முகம் போட்டார்கள். என்னிடம் படித்தவர்கள் 'கவலையாக இருக்கிறது சேர்' என்றார்கள். விதைநெல் விற்கும் ஒரு பக்கத்துக்காரன் அதன் கீழேயே, 'தரமான விதைநெல்லுக்கு இன்றே அழையுங்கள்' என்று எழுதினான். அவனை என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள். கடைசியாக ஒரேயொரு சிவந்த கோபமுகம் வந்தது. போட்டது நானா.

மறுநாள் காலை வரம்பில் நிற்கிறேன். தூசியைக் கிளப்பிக்கொண்டு மோட்டார் சைக்கிள் வந்தது. பின்னால் மஸ்கட் இல்லை, என் மோட்டர்.

"ஏன் நானா, சொல்லாமக் கொள்ளாம?"

"கோவப் படம் போட்டநான். போட்டுட்டு வீட்ட இரிக்கேலுமா? நேர வந்து கோவிக்கணும்தானே!"

கோபித்தார். மோட்டரை ஓடைக்கரையில் இறக்கியபடி கோபித்தார். குழாயைப் பூட்டியபடி கோபித்தார். "ஊர் பாக்க என்ன மேதை எண்டு எழுதிட்டீங்களே, எனக்கு வெட்கமா இல்லையா? சுபஹு தொழுதிட்டு, தேத்தண்ணிக் கடையில கிடந்த உங்கட மோட்டர எடுத்துத் திருத்தக் குந்தினநான், இப்பதான் எழும்பினநான்" என்றபடி கயிற்றை ஒரு இழு இழுத்தார். மோட்டர் முழங்கியது. அந்தச் சத்தத்திலும் அவர் வாய் ஓயவில்லை.

பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி நீட்டினேன்.

"கோவிக்க வந்த இடத்தில வாய் நனைக்கப் படாது சேர். மறுகா என்ன கோவம் அது?"

ஆனாலும் அவர் போகவில்லை. தண்ணீர் கடைசி வரம்பைத் தொடும்வரை, காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, மண்வெட்டியால் எனக்கு வழி வெட்டித் தந்தபடி என்னைத் திட்டிக்கொண்டே நின்றார். அழுத எண்பத்து மூன்று பேரில் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொதிக்கிறது.

வெள்ளாமை தப்பியது. வீட்டுக்கு வந்ததும் அவர் பக்கத்தைத் தேடி முதல் முறையாக ஒரு லைக் போட்டேன். அடுத்த நாள் மஸ்கட்டோடு வாசலில் நின்றார். தேத்தண்ணியும் குடித்தார், இரண்டு கோப்பை.

இந்தக் கட்டுரையை வெளியிடும் வாரப்பத்திரிகை இதைத் தன் முகநூல் பக்கத்திலும் போடும். நானா பார்ப்பார். லைக் போட்டால் மஸ்கட்டோடு வருவார், கோபப் படம் போட்டால் கோபத்தோடு வருவார். ஒன்றுமே போடாமல் இருந்துவிடுவாரோ என்பதுதான் என் பயம்.