நின்றுகொண்டே சூடாகும் மோட்டார்

இத்தலார்

அன்புள்ள சசிதரன் மாமாவுக்கு,

கலைமதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே பச்சைத் தேயிலை விலையைத் தவிர மற்ற எல்லாம் நலம். கோயம்புத்தூர் வெயிலில் அத்தையும் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது அப்பா உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் மட்டும்தான். அப்பாவைப் பற்றி அவர் பக்கத்தில் நின்றே பேச எனக்கு வரவில்லை. அதனால் கடிதம்.

டீ ஃபாக்டரி மூடியதிலிருந்து வீட்டில் இருக்கும் அப்பாவுக்குத் திருப்பூரில் பாய்லர் வேலை பார்த்துக் கொடுத்தீர்கள். நாங்கள் அதை மறக்கவில்லை. அப்பாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சித்திரைக்குள் தன் சி.என்.சி. மெஷினில் ஒரு வேலையாவது முடித்துக் கொடுத்தால் இங்கேயே இருப்பது, இல்லையென்றால் கிளம்புவது என்று அவராகவே முடிவு செய்திருக்கிறார். கம்ப்யூட்டரில் வரைந்த கோட்டின்படி மரத்தை வெட்டும் அந்த மெஷினுக்கு அவர் சட்டம் அடித்ததை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். முதல் வேலையும் வந்தது. இலை விற்று நொந்துபோன அடுத்த வீட்டு நவநீதன் அண்ணன், மாடியை ஹோம்ஸ்டே ஆக்குகிறார். சில்வர் ஓக் பலகையில் 'பனிமலை இல்லம்' என்று பெயர் வெட்டித் தரச் சொன்னார். ஆனாலும் அப்பாவின் டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து இப்போதே வெளியே வந்துவிட்டது. தினமும் அதைத் தாண்டித்தான் நான் அடுப்படிக்குப் போகிறேன்.

உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று, மெஷினுக்கு இங்கேயே ஒரு கடையில் மோட்டார் வாங்கப் போனபோது நான் நிறையப் படித்துவிட்டுப் போயிருந்தேன். ஸ்டெப்பர் மோட்டார் சிறு சிறு படியாகத் திரும்பி, சொன்ன இடத்தில் நிற்கும். எத்தனை படி, எவ்வளவு வேகம் என்று அதை நடத்துவது டிரைவ் என்கிற சின்னப் பெட்டி. மோட்டார் பெரிதானால் டிரைவுக்கும் அதற்கேற்ற தெம்பு வேண்டும், இல்லாவிட்டால் வேகமெடுக்கும்போது திணறி நின்றுவிடும். அப்பா இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, மோட்டார்களை ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்து, கடையில் இருந்ததிலேயே கனமான மூன்றை எடுத்து வைத்தார். அப்புறம் ஒரு டிரைவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இதென்ன கண்ணு, தீப்பெட்டியாட்ட இருக்குது. இருக்கறதுல சின்னதே போதும்" என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன்.

மாட்டிய முதல் நாளே அப்பா மோட்டாரின் மேல் புறங்கையை வைத்தார். ஃபாக்டரியில் காலையில் வந்ததும் எல்லா மோட்டாருக்கும் அப்படித்தான் காய்ச்சல் பார்ப்பாராம். இது ஓடாமல் நிற்கும்போதே சுட்டது. உடனே, உள்ளே சுற்றிய வைண்டிங் கம்பி கருகிப் போயிற்று என்று சுவிட்சை அணைத்துவிட்டார். இது அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்பதற்கும் கரண்ட் வேண்டும், அதனால் சுடுவது இயல்புதான் என்று நான் சொன்னேன். சும்மா நின்றுகொண்டே சூடாவதைத் தன் சர்வீசில் சூப்பர்வைசர்களிடம் மட்டும்தான் பார்த்திருப்பதாக அப்பா சொன்னார். அன்றிலிருந்து ஓர் எழுத்து வெட்டி முடிந்ததும் மோட்டார் ஆறட்டும் என்று அணைத்துவிட்டு வெளியே போய்விடுவார். இதற்கு நடுவில் அம்மா. உங்கள் அக்காவின் இட்லி மாவு இந்தக் குளிரில் லேசில் புளிக்காது. கம்பளி சுற்றி, அடுப்போரம் வைத்து, கடைசியில் என் ஸ்வெட்டரையும் போர்த்திப் பார்த்தவர், ஒருநாள் வேறு இடம் இல்லாமல் மாவுச் சட்டியை மோட்டாரை ஒட்டி வைத்திருக்கிறார். மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கிவிட்டது. பிறகு கேட்க வேண்டுமா? அப்பா அணைத்துவிட்டு வெளியே போனதும், அம்மா சட்டிக்கு இடம் வேண்டி வெட்டும் தலையைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, சட்டியை வைத்து, சுவிட்சைப் போடுவார். அப்பா திரும்பி வருவதற்குள் சுவிட்சை அணைத்துச் சட்டியை எடுத்துவிடுவார். நான் கேட்டதற்கு, "உங்கப்பா மோட்டாரு சுடுதுங்கறாரு. எனக்கு அதுதான சாமி வேணும்" என்றார். மெஷினோ ஒவ்வொரு முறையும் கண் விழித்த இடத்தையே தான் நின்ற இடம் என்று நம்பி அங்கிருந்து வெட்டியது. பலகையில் 'பனிமலை' ஒருவிதமாக வந்தது. 'இல்லம்' சரிந்து சரிந்து, கடைசி எழுத்து பலகையை விட்டே இறங்கிவிட்டது. அப்பா பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, டிரங்குப் பெட்டியின் பூட்டுக்கு எண்ணெய் விட்டார்.

அதனால் மாமா, அளவான மோட்டார் மூன்றும், அவற்றுக்கேற்ற தெம்புள்ள டிரைவ் மூன்றும் நீங்களே தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். மோட்டார் நிற்கும்போது கரண்டைப் பாதியாகக் குறைக்கும் சுவிட்ச் டிரைவில் இருக்கட்டும். தொட்டால் சுடாவிட்டால் அப்பா அணைக்க மாட்டார், அம்மாவும் சட்டியைக் கொண்டுவர மாட்டார். மோட்டார் கடை வைத்திருக்கும் நீங்கள் அனுப்பினால் அப்படியே மாட்டிக்கொள்வார். நான் சொன்னால் தூக்கித்தான் பார்ப்பார். திருப்பூர்க்காரரிடம் சித்திரை வரை பொறுக்கச் சொல்லுங்கள். போக வேண்டாம் என்று நான் அப்பாவிடம் சொன்னதில்லை, சொல்லவும் வராது. டிரைவைப் பற்றிப் பேசுவது எனக்கு அதைவிட எளிதாக இருக்கிறது.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் கடை வாசலில் படுத்திருக்கும் நாயையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு, உங்கள் அன்பு மருமகள்,
கலைமதி

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் நவநீதன் அண்ணன் பலகையைப் பார்க்க வந்தார். சரிந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். அம்மா அவருக்கு இட்லி வைத்தார். மூன்றாவதாகக் கேட்டு வாங்கியபோது, "ஏனுங்கம்மா, இந்தக் குளிருல மாவு எப்படிங்க இப்படிப் பொங்குது?" என்றார். அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது, மோட்டாரைக் காட்டிவிட்டார். அப்பா எழுந்து போய்ச் சட்டியைத் திறந்து, ஃபாக்டரியில் புளிக்கப் போட்ட இலையை முகர்வதுபோல் முகர்ந்தார். பலகை மெதுவாக வரட்டும், ஹோம்ஸ்டேக்கு வருகிறவர்களுக்குக் காலையில் இட்லி தர முடியுமா என்று அண்ணன் கேட்டார். மெஷினில் ஒரு வேலை தேறிவிட்டது என்று அப்பா முடிவு செய்துவிட்டார். பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. மோட்டார் மூன்றையும் உள்ளே வைத்து மாவுக்கு ஒரு மரக்கூண்டு அடித்துக்கொண்டிருக்கிறார். 'பனிமலை இல்லம்' பலகைதான் அதற்கு மூடி. ஆகவே மேலே கேட்ட எதையும் அனுப்ப வேண்டாம். திருப்பூரில் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெரிய இட்லிக் கொப்பரை ஒன்றும், நின்ற இடத்தில் நன்றாகச் சூடாகும் மோட்டார் ஒன்றும் மட்டும் போதும். இப்போதுகூட அப்பா புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சூடு பத்தலையே கண்ணு" என்கிறார்.