வெயிலோட்டம் பார்த்த சாமி

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், அன்னூரிலிருந்து கிளம்பும் டவுன் பஸ்ஸில் மனிதர்களுக்கு இடம் கிடையாது. பெட்டிகளுக்குத்தான் இடம். ஆளுக்கொரு தகரப் பெட்டி, மேலே மஞ்சள் துணி, அதன்மேல் குங்குமம். எல்லாம் வெயில்சாமியின் தோட்டத்துக்குப் போகின்ற சூரிய விளக்குப் பெட்டிகள். வாரம் ஒருமுறை சாமி தன் கையால் அவற்றுக்கு மந்திரம் சொல்லி உரு ஏற்றித் தர வேண்டும். ஏற்றாவிட்டால் சூரியன் கோபித்துக்கொள்வார், விளக்கு எரியாது. இதில் யாருக்கும் சந்தேகமில்லை. உரு ஏற்றாமல் விட்டவர்கள் வீட்டில் விளக்கு அணைந்ததை ஊரே கண்ணால் பார்த்திருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கத்தில் கரண்ட் சொல்லாமல் வரும், சொல்லாமல் போகும். அந்த இருட்டில் விளக்கு தருகிறேன் என்று ஒருவன் சொன்னால் அவன் சாமிதான். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆனால் சாமி பிறக்கும்போதே சாமியாகப் பிறந்துவிடவில்லை. அதற்கு முந்தின வருஷம் வரை அவர் வெறும் சென்னியப்பன். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காடு காடாக நடந்து நீரோட்டம் பார்த்தவர். தேங்காய் எங்கே எழுந்து நிற்கிறதோ அங்கே போர் போட வேண்டும். போட்டார்கள். புழுதி வந்தது. இன்னும் ஆழமாகப் போட்டார்கள். இன்னும் நல்ல புழுதியாக வந்தது. நீரோட்டத் தொழிலில் இது ஒரு பெரிய தொல்லை. தண்ணீர் வந்ததா இல்லையா என்பது எந்த மடையனுக்கும் தெரிந்துவிடும். ஏமாந்த விவசாயிகள் கூட்டமாக வீடு தேடி வந்த அன்று சென்னியப்பன் கொல்லைப்புறமாக வெளியூர் போனார். திரும்பி வந்தபோது காவி கட்டியிருந்தார். தேங்காய் பழைய தேங்காய்தான். பார்ப்பது மட்டும் வெயிலோட்டம்.

"பூமிக்குள்ள தண்ணி எப்படி நரம்பு நரம்பா ஓடுதோ, அப்படித்தானுங்க ஆகாசத்துல வெயிலும் ஓடுது. ஓட்டம் விழுகற எடத்துல சூரியத் தட்டை வெச்சாத்தான் கரண்டு புடிக்கும்" என்றார்.

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். தேங்காயைக் கேட்காமல் கிணற்றுக்குக் கடப்பாறை எடுக்காத சீமை இது. தண்ணீருக்குப் பார்க்கிறோம், வெயிலுக்குப் பார்க்க வேண்டாமா என்று பெரிய பெரிய தலைகள் ஆடின. வெயில் கொட்டிக் கிடக்கிற கரிசக் காட்டில், வெயில் எங்கே விழுகிறது என்று சொல்ல ஒரு ஆள். அந்த ஆளுக்குக் காணிக்கை. வாழ்க.

அந்த ஆடிய தலைகளில் ஒன்று அப்புசாமியுடையது. அவருக்கும் மனைவி ராமாத்தாளுக்கும் கோழிப்பண்ணைதான் பிழைப்பு. கோழிக்குஞ்சுக்குத் திடீர் இருட்டு ஆகாது. கரண்ட் போனதும் மிரண்டு ஒரே மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் மாட்டியது மூச்சு முட்டிச் சாகும். மாசி மாதம் வந்த குஞ்சுகளில் பாதிக்குமேல் அப்படித்தான் போயின. கூடை கூடையாக அள்ளிப் புதைத்தவள் ராமாத்தாள். பிறகு வெகுநாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொரு தடவை அப்படி ஆனால் பண்ணையை மூட வேண்டியதுதான். அடுத்த குஞ்சுகள் வெள்ளிக்கிழமை வர இருந்தன.

"நம்ம செவலை மாட்டைச் சாமிக்குக் காணிக்கையாக் குடுத்துப்போட்டா தட்டும் பெட்டியும் குடுக்கறாராமா" என்று ஆரம்பித்தார் அப்புசாமி.

"மாட்டைக் குடுத்துப்போட்டு பாலுக்கு எங்கீங்க போறது?"

"குஞ்சு பொழைக்கோணுமா, பால் குடிக்கோணுமா?"

"ரண்டும் வேணுமுங்க. அந்த வெளக்கு சூரியனாலதான் எரியுதான்னு பாக்காம எதுக்குங்க மாட்டை அவுக்கறது?"

"ஊரே சொல்லுது அம்மிணி."

"ஊரே சொல்லித்தானுங்க நாமளும் போர் போட்டோம்."

பதில் இல்லாதவர்கள் வழக்கமாகச் செய்வதை அப்புசாமியும் செய்தார். விறுவிறுவென்று போய், புதன்கிழமை வீட்டுக்கு வரும்படி சாமியை அழைத்துவிட்டார்.

ராமாத்தாள் பஸ் ஏறி அன்னூருக்குப் போனாள். அங்கே அப்துல் மஜீத் ரேடியோவும் பேட்டரியும் விற்கும் கடை வைத்திருந்தார். கொஞ்ச நாளாகச் சூரியத் தட்டும் விற்கிறார். விற்கிறார் என்று சொல்வது மரியாதைக்கு. வாங்கத்தான் ஆள் இல்லை. அவர் தட்டுக்கு உரு ஏற்ற வேண்டியதில்லை, குங்குமம் வைக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட பொருளை யார் நம்புவார்கள்?

"ஏனுங்க பாய், குஞ்சு அடையற கோழிச் சாளைக்கு எந்தத் தட்டுங்க வாங்கோணும்?"

"தட்டு கெடக்குது அம்மணி. மொதல்ல என்ன எரியோணும், எவ்வளவு நேரம் எரியோணும்? அதைச் சொல்லுங்க."

"ரண்டு வெளக்குங்க. கரண்டு இல்லாத நேரத்துக்குக் குஞ்சு மெரளாம இருந்தாப் போதும். சூட்டுக்குக் கரியடுப்பு இருக்குது."

"அப்பச் சின்னத் தட்டே போதுமுங்க. சூட்டு பல்பு கேட்டிருந்தா நானே வேண்டாம்னிருப்பேன். அது பேட்டரியை ஒரே மூச்சுல குடிச்சுப்போடும். தட்டு பகல்ல வெயிலைக் கரண்டாக்கும், பேட்டரி அதைச் சேத்து வெக்கும், ராத்திரிக்கு வெளக்கு எரியும். மோடம் போட்டு வெயில் இல்லாத நாளுக்கும் தாங்கற மாதிரி பேட்டரியைக் கொஞ்சம் பெருசா வாங்கோணும். தட்டைத் தெக்குப் பாத்து லேசாச் சாய்ச்சு வெக்கோணும். ஓரத்துல நெழல் விழுந்தாலும் ஆகாது. அப்பப்பத் தூசி தொடைங்க. மந்திரம் இவ்வளவுதானுங்க."

"தேங்காய்?"

"சட்னிக்கு வெச்சுக்குங்க."

மஜீத் ஒரு தட்டைக் கடை வாசலில் வைத்து, அதன் கம்பியைக் கையகலக் காற்றாடி ஒன்றில் மாட்டினார். காற்றாடி சுற்றியது. தோளில் கிடந்த துண்டைத் தட்டின்மேல் போட்டார். நின்றது. எடுத்தார், சுற்றியது. ராமாத்தாள் துண்டை வாங்கித் தானே போட்டும் எடுத்தும் பார்த்தாள். யாரும் அவளிடம் நம்பச் சொல்லவில்லை. அது அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. புதன்கிழமை தட்டையும் காற்றாடியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரும்படி அவரைக் கேட்டுக்கொண்டாள்.

புதன்கிழமை காலையிலேயே அப்புசாமி வீட்டு வாசல் நிரம்பிவிட்டது. சாமி ஜீப்பில் வந்து இறங்கினார். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு கண்ணை மூடி வாசலைச் சுற்றினார். வெட்டவெளியில் தேங்காய் அசையவில்லை. வேப்பமரத்தடிக்குப் போனதும் மணிக்கட்டு லேசாக நடுங்கியது, தேங்காய் சடக்கென்று எழுந்து நின்றது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"நெழலா இருக்குதுங்களே சாமி" என்றாள் ராமாத்தாள்.

"தண்ணி மேலயா ஓடுது? பூமிக்குள்ள மறைஞ்சுதான ஓடுது? வெயிலும் அப்படித்தான். நெழலுக்குள்ளதான் ஓட்டம் ஒளிஞ்சிருக்கும்."

என்ன ஞானம் என்று கூட்டம் உச்சுக்கொட்டியது. மரத்தடியில் நீலத் தட்டு வைக்கப்பட்டது. பெட்டியை மாட்டி ஊதுவத்தி காட்டியதும், பட்டப்பகலில் சின்ன டியூப்லைட் பளிச்சென்று எரிந்தது. அப்புசாமி மாட்டை அவிழ்க்கக் கிளம்பினார்.

"இருங்க" என்று ராமாத்தாள் உள்ளே போய் ஒரு ஜமக்காளத்தை எடுத்து வந்து, தட்டை முழுதாக மூடினாள். விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது.

இந்த இடத்தில் கூட்டத்துக்கு விஷயம் விளங்கியிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? உங்களுக்கு நம் மக்களைத் தெரியவில்லை. "மூடினாலும் எரியுதே சாமி" என்று நான்கு பேர் காலில் விழுந்தார்கள். சாமிக்கே முதலில் திக்கென்றுதான் இருந்தது. விழுந்தவர்களைப் பார்த்ததும் தெம்பு வந்துவிட்டது.

"பாத்தீங்களா? ஓட்டம் புடிச்சாச்சுன்னா ஜமக்காளம் என்ன, மலையே தடுக்காது."

ராமாத்தாள் கும்பிட்டாள். "அப்பச் செரிங்க சாமி. ஓட்டம் வந்துட்டே இருக்கறப்ப வெளக்கை எதுக்கு அமத்தறது? எரியட்டுமுங்க. நீங்க ஒரு வாய் சாப்புட்டுத்தான் போகோணும்."

"இல்லம்மா, வேற ஊருக்குப் போகோணும்."

"எங்கூட்டு வாசலை மிதிச்சுப்போட்டு வெறும் வயித்தோட போனா எங்களுக்குத்தானுங்க பாவம்" என்று அவள் சொன்னதும் கூட்டமும் சேர்ந்துகொண்டது. இங்கே சாமியாரை யார் வேண்டுமானாலும் சந்தேகிக்கலாம், சாப்பிடாமல் அனுப்ப முடியாது. சாமி உட்கார்ந்தார்.

அரிசிம்பருப்புச் சாதம் வெந்தது. நிதானமாக வெந்தது. நெய் உருகியது. பிறகுதான் கச்சாயப் பலகாரத்துக்கு மாவு ஆட்டப் போனார்கள். சாமி எழுந்திருக்கும்போதெல்லாம் ஒருவர் வந்து இன்னொரு டம்ளர் மோர் கொடுத்தார். ராமாத்தாள் அடிக்கடி வெளியே வந்து விளக்கைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். மஜீத்தும் மொபெட்டில் தட்டைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்து, ஒரு ஓரமாக உட்கார்ந்தார். செவலைப் பாலில் காய்ச்சிய பாயசம் இலைக்கு வந்தபோது விளக்கு மங்கியது. சாமி இரண்டாம் டம்ளரை வாயில் வைத்தபோது டியூப்லைட்டின் இரு முனையும் சிவந்தன. அப்புறம் அணைந்தது. வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"கண்ணுபட்டுப் போச்சு. உரு எறங்கிப்போச்சு. ஞாயித்துக்கெழமை பெட்டியைத் தோட்டத்துக்குக் கொண்டாங்க" என்று சாமி அவசரமாகக் கை கழுவினார்.

"ஏனுங்க சாமி, உங்க தோட்டத்துல வேற சூரியனுங்களா?" என்று கேட்டாள் ராமாத்தாள்.

யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. மஜீத் தன் தட்டை வெட்டவெளியில் வைத்துக் காற்றாடியை மாட்டினார். சுற்றியது. சாமியின் தட்டையும் வெயிலுக்குத் தூக்கி வந்து அதில் மாட்டினார். காற்றாடி அசையவேயில்லை. அப்புசாமி தட்டைத் திருப்பி, பின்பக்க அட்டையை நகத்தால் கீறிப் பிய்த்தார். உள்ளே நீல பெயின்ட் அடித்த தகரம். முன்னால் ஒரு கண்ணாடி.

"அப்பப் பெட்டிக்குக் கரண்டு எங்கிருந்துங்க வந்துது?" என்றார் ஒருவர்.

எவ்வளவு நல்ல கேள்வி. இத்தனை மாதமாக ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. அதற்குப் பதில் தேடிக் கூட்டம் அப்படியே சாமியின் தோட்டத்துக்கு நடந்தது. சாமியை ஜீப்பில் ஏற விடவில்லை, நடுவில் நடக்கவைத்தே மரியாதையாகக் கூட்டிப் போனார்கள். உரு ஏற்றும் அறையின் பட்டுத்திரையை இழுத்தவர் அப்புசாமி. உள்ளே சூரியபகவான் இல்லை. பேட்டரிக்குச் சார்ஜ் போடும் இயந்திரங்கள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. அவற்றின் ஒயர் பம்புசெட்டுக்கு வரும் இலவசக் கரண்டில் செருகியிருந்தது.

"நமக்கு இனாமா வர்ற கரண்டை நம்மகிட்டயே காணிக்கை வாங்கி ஊத்திப்போட்டானே" என்று அப்புசாமி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். சாமியைப் போலீஸ் வந்து கூட்டிப் போயிற்று. போகும்போதும் ஒரு கிழவர் திருநீறு கேட்டார்.

வெள்ளிக்கிழமை குஞ்சுகள் வந்தன. மஜீத்தின் தட்டு பண்ணைக் கூரையில் தெற்குப் பார்த்து ஏறியிருந்தது. சாயங்காலம் வழக்கம்போலக் கரண்ட் போனது. ராமாத்தாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள். இரண்டு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. ஒரு குஞ்சுகூட மூலைக்கு ஓடவில்லை. எல்லாம் தம் பாட்டுக்குத் தீனி கொத்திக்கொண்டிருந்தன. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். சந்தோஷம்தான்.

பின்னால் வந்த அப்புசாமி விளக்கை அண்ணாந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எதுக்கும் இருக்கட்டும், தட்டுமேல ஒரு எலுமிச்சம்பழம் கட்டிப்போடலாமா அம்மிணி?"

"கட்டுங்க. நெழல் விழுகாத பக்கமாக் கட்டுங்க."

அப்புசாமி யோசித்தார். கட்டவில்லை. அவர் யோசித்தது அதுதான் முதல் தடவை என்று ராமாத்தாள் இன்றைக்கும் சொல்கிறாள். நீங்களும் ஒரு தடவை முயன்று பாருங்கள். யோசிப்பதற்குக் காணிக்கை கிடையாது.