தாலாத்துக்கு இரண்டு இருக்கை

வருகிற சனிக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்குத் தன் சொந்த மனைவியைக் கடத்திக்கொண்டு தாலாத்துக்குப் போய்விடுவது என்று கியெம் தீர்மானித்தார்.

கியெம் ஃபான் ராங் ஊர் ரயில் நிலையத்தில் முப்பது வருஷம் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவர். அவர் வாயைத் திறந்தால் ஊரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து அவர் சொல்லி வீட்டில் ஒரு பூனைகூட நகரவில்லை. நகர்ந்தவர் அவர்தான்.

மனைவியின் பெயர் யேன். நம் காதில் 'ஏன்' என்று விழும். முப்பத்தாறு வருஷமாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார் மனுஷர். வாசலில் மண் அடுப்பு வைத்து அவள் பான் கான் சுட்டு விற்கிறாள். நம் குழிப்பணியாரத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிந்ததிலிருந்து உச்சிவேளை வரை அவளைச் சுற்றிக் கூட்டம். யாருக்குப் பல் வலி, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எல்லாம் அவளிடம் வந்து சேரும். எல்லோரோடும் சளைக்காமல் பேசுவாள். அடுப்பு அணைந்ததும் வாயும் அணைந்துவிடும். கணவருக்கு என்று மிஞ்சுவது இரண்டே சொற்கள். ஒன்று 'நகருங்க'. மற்றது 'கரி'. அதுவும் மூட்டை தீர்ந்தால்தான்.

ஒரே மகள் வடக்கே ஹாய் ஃபோங்கில். அவள் போன் செய்தாலும் "அப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்பதோடு சரி. போன வாரம் கியெம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "பயணிகள் கவனத்துக்கு" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். குரல் அப்படியேதான் இருந்தது. அவருக்கு அழுகை வந்தது.

அதனால்தான் தாலாத். மலை, குளிர், தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஊர். பேச வேண்டுமென்றால் அவள் அவரிடம்தான் பேசியாக வேண்டும். ஒரு தாளில் கால அட்டவணை போட்டார். ஐந்து நாற்பது, பேருந்து. ஏழு பத்து, மலை வளைவு. யேன் ஜன்னலைப் பார்த்து 'அழகா இருக்கு' என்பாள். ஏழு பதினொன்று, 'ஆமாம்' என்பார் இவர். பத்து முதல் பன்னிரண்டு வரை ஏரிக்கரை பெஞ்சு, பேச்சு. இரண்டு முதல் ஐந்து வரை, மறுபடியும் பேச்சு.

கேட்டால் வரமாட்டாள். வாடிக்கை போய்விடும் என்பாள். ஆகவே கியெம் ரகசியமாகப் போய் இரண்டு சீட்டு வாங்கி, பேருந்துக் கம்பெனியின் குலுக்கலில் விழுந்த பரிசு என்று ஒரு பொய்யையும் தயார் செய்துகொண்டார்.

"குலுக்கல்ல விழுந்துச்சா? உங்களுக்கா?" என்றாள் யேன், குழிகளில் மாவை ஊற்றிக்கொண்டே.

"ஏன், எனக்கு விழக் கூடாதா?"

"உங்களுக்கு இதுவரைக்கும் முடி ஒண்ணுதாங்க விழுந்திருக்கு. எத்தனை பேருக்கு?"

"ரெண்டு பேருக்கு. நீயும் நானும்."

யேன் கரண்டியை நிறுத்தினாள். "ஜோடியாவா? தாலாத்துக்கா? நல்லாத்தான் இருக்கு. ஜோடியா அங்க போனா திரும்பி வந்ததும் பிரிஞ்சுடுவாங்கன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். போட்டோ கடைக்காரர் மகன் போய்ட்டு வந்தான். மூணாம் நாள் கல்யாணம் நின்னு போச்சு."

கியெம் அதை அடியோடு மறந்துபோயிருந்தார். நாடே அறிந்த சங்கதி. அட்டவணையில் அதற்கு ஒரு வரி ஒதுக்கவில்லை.

"அது கல்யாணமானவங்களுக்கு இல்ல. காதலிக்கிறவங்களுக்குச் சொன்னது," என்றார்.

"அப்ப நாம காதலிக்கலையா?"

கியெம் கணக்குப் போட்டார். காதலிக்கிறோம் என்றால் பயணம் போச்சு. இல்லை என்றால் பயணத்தோடு ராத்திரிச் சாப்பாடும் போச்சு. வரிசையில் நின்ற ஏழு பேரும் தட்டைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"காதலிக்கிறோம்தான்," என்றார். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவருக்கே உறைத்தது.

யேன் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு குழியில் மாவு கருகியது. "இதைச் சொல்ல முப்பத்தாறு வருஷமா?" என்றாள் மெதுவாக. பிறகு கருகியதைச் சுரண்டிப் போட்டாள். "அப்ப நாம போகவே கூடாது. உங்களைப் பிரிஞ்சு என்னால இருக்க முடியாதுங்க. அதனால நான் ஹாக் கூடப் போய்ட்டு வந்துடறேன்."

பக்கத்து வீட்டுத் தையல்காரி ஹாக், புருஷன் போன பிறகு யேனே கதி என்று இருப்பவள், சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். "கவலைப்படாதீங்க அண்ணே, அக்காவை நான் பாத்துக்கறேன்." வெயில் கொளுத்தும் ஃபான் ராங்கில், அவள் கழுத்தில் ஏற்கெனவே கம்பளி சுற்றியிருந்தது.

சனிக்கிழமை அடுப்புக்கு முன்னால் கியெம். முதல் இரண்டு ஈடும் நாய்க்குப் போயின.

"மாமா, அக்கா எங்க?" என்றான் வரிசையில் முதலில் நின்றவன்.

"தாலாத் போயிருக்கா."

"உங்களை விட்டுட்டா? சண்டையா?"

"இல்லப்பா. காதல்."

மத்தியானம் அடுப்பை அணைத்தார். வீடு வெறிச்சென்று கிடந்தது. 'நகருங்க' என்று சொல்லக்கூட ஆளில்லை. நாற்காலியை அவராகவே இரண்டு தடவை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் போன் அடித்தது.

"ஹாக் போர்வையைப் போத்திக்கிட்டுப் படுத்துட்டா. பேச ஆளில்ல," என்றாள் யேன். "இங்க என்ன குளிருங்க. சந்தைப் படிக்கட்டுல சூடா சோயாப்பால் குடிச்சேன். நாக்கு வெந்து போச்சு. நீங்க சாப்பிட்டீங்களா?"

கியெம் சொன்னார். நாய்க்குப் போன ஈடுகளைச் சொன்னார். மூன்றாவது ஈட்டை ஒரு கிழவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கியதைச் சொன்னார். யார் யாருக்குப் பல் வலி, யார் மருமகள் திரும்பி வந்துவிட்டாள், ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். யேன் கேட்டாள், குறுக்கே பேசினாள், வயிறு வலிக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கடிகாரத்தைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு நிமிஷம். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன்," என்றாள் யேன். "குலுக்கல்ல பரிசு விழுந்தவர் காசு குடுத்துச் சீட்டு வாங்கறப்போ, 'என் பெண்டாட்டிக்கு மலை வளைவுல தலை சுத்தும், முன்னாடி இருக்கைதான் வேணும்'னு மூணு தடவை சொல்லிட்டுப் போனாராம். டிரைவர் சொன்னாரு. எதுக்குங்க அந்தக் குலுக்கல் பொய்?"

கியெம் நாற்காலியைப் போனுக்கு இன்னும் கொஞ்சம் அருகில் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"உன்கூடப் பேசணும்னு இருந்துச்சு," என்றார். "வேற ஒண்ணுமில்ல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. குளிரோ என்னவோ.

"இத்தனை நாள் இது எனக்குத் தெரியாமப் போச்சே," என்றாள் யேன். குரல் கரகரத்தது. "இனிமே உங்களுக்கு அந்தக் குறையே வைக்க மாட்டேன். மாசா மாசம் நான் இங்க வந்துடறேன், போன்ல நல்லாப் பேசலாம்."