லியோனிதாஸ் ஒஸ்பினா சும்மாதான் இருக்கிறார்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: என் அண்ணன் லியோனிதாஸ் ஒஸ்பினா, வயது எழுபத்தாறு, அவர் மகள் நூபியா, அவளுடைய கைக்குழந்தை, கணக்கெடுப்புப் படிவத்துடன் வந்த நரைத்தலையர் ரோசேந்தோ, ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு எல்விரா. நானும் இருந்தேன். வேறு யாரும் இல்லை.

முதியவர்கள் சம்பளமில்லாமல் செய்யும் வேலைக்கு மதிப்புப் போடுகிறார்களாம்.

"உங்கப்பா வீட்டு வேலை செய்வாரா?" என்று கேட்டார் ரோசேந்தோ.

"எங்கப்பாவா? ஒஸ்பினா குடும்பத்துல பெரியவங்களை ஒரு துரும்பைக்கூட நகர்த்த விடமாட்டோம்!" என்றாள் நூபியா. வேறென்ன சொல்வாள்? அப்பனை வேலை வாங்குகிறவள் என்று எழுதிவிட்டால் எங்கள் சலமீனா ஊரில் தலைகாட்ட முடியுமா?

அடுக்களையில் கரகரவென்று சத்தம்.

"அது என்னம்மா?"

"உடற்பயிற்சி!"

அண்ணன் வந்தார். கையெல்லாம் அரெப்பா ரொட்டிக்கு அரைத்த சோள மாவு, தோளில் குழந்தை.

"பேரன்மேல அவ்வளவு பாசம்," என்றாள் நூபியா.

எல்விரா ஜன்னலில் தலையை நீட்டினாள். "மாமா! மருந்துக்கடையில முதியோர் வரிசை சீக்கிரம் நகருமே, கிளம்பலையா? இந்தாங்க, தெருவோட மருந்துச் சீட்டு, மொத்தம் பதினொண்ணு!"

"வரிசையில நிக்கிறது அப்பாவுக்குப் பொழுதுபோக்கு!"

எல்லாவற்றையும் படிவத்தில் கூட்டிப் பார்த்துவிட்டு ரோசேந்தோ நிமிர்ந்தார். "வாரத்துக்கு ஐம்பத்தொரு மணி நேரம். ஆள் வச்சா உங்க சம்பளம் பத்தாது, அம்மா."

"ஐம்பத்தொண்ணா!" அண்ணன் துள்ளினார். "எல்விரா, கேட்டியா?"

"எழுதாதீங்க ஐயா! நானே எல்லாம் செய்றேன், பாருங்க!" என்றாள் நூபியா.

அண்ணனை ஆடுநாற்காலியில் அமுக்கி உட்கார வைத்தாள். குழந்தையை வாங்கினாள், அது வீறிட்டது. ஒரு கையால் சோளம் அரைக்கும் இயந்திரத்தைச் சுற்றினாள், அது மேசையோடு சாய்ந்தது. அடுப்பில் அரெப்பா கருகியது.

"எழுந்திருக்கவா?" என்றார் அண்ணன்.

"அசையாதீங்க! நம்ம மானம்!"

பொறுக்க முடியாமல் ரோசேந்தோவே எழுந்தார். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினார், அடங்கிவிட்டது. இன்னொரு கையால் அரெப்பாவைப் புரட்டினார். பழகிய கை. அப்போது கோயில் மணி இரண்டு அடித்தது. குழந்தையை அண்ணன் மடியில் வைத்துவிட்டு, படிவத்தை அள்ளிக்கொண்டு ஓட்டமாக ஓடினார்.

நூபியா அவரைக் கரண்டியால் அடித்து விரட்டினாள் என்று ஊரில் பேசுகிறார்கள். பொய். வாசலில் வழிமறித்த எல்விராவிடம் அவரே சொல்லிவிட்டுத்தான் போனார்:

"விடும்மா, பேத்தியைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து கூட்டிட்டு வரணும். இந்தக் கணக்கெடுப்பு வேலைகூட என் மகளோடதுதான். நான் சும்மா ஒத்தாசைக்கு வந்தேன்."